இருபது நிமிடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் என்னிடம் "வெளிநாட்டில் வேலைவாய்ப்பு" என்ற தலைப்பில் பேசச் சொன்னார். "அண்ணே, அதெல்லாம் பிள்ளைகள் கையில் இருக்கிற போனே சொல்லிவிடும். நான் ஓட்டத்தைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "ஓட்டமா? நீயா? ஹாஸ்டல் மெஸ்ஸில் மணி அடித்தால்கூட நடந்துதானேடா வருவே?" என்றார். உண்மைதான். டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தவிர இந்த வளாகத்தில் நான் நான்கு வருஷம் ஓடியதே இல்லை.

ஓட ஆரம்பித்தது 2019இல். சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் பழைய கட்டடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது என் தொழில். கம்ப்யூட்டர் முன்னால் பத்து மணி நேரம், காரில் இரண்டு மணி நேரம். முப்பத்தொரு வயதில் ரத்தப் பரிசோதனை செய்தபோது சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சர்க்கரையால் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். அந்த வாரமே ஆபீஸ் நண்பர் ஒருவர், "சனிக்கிழமை காலை என்னோடு வா" என்று கோல்டன் கேட் பாலத்தின் வடக்கு முனைக்குக் கூட்டிப் போனார்.

அங்கே பாலம் முடிகிற இடத்திலிருந்தே மலை ஆரம்பித்துவிடுகிறது. மாரின் ஹெட்லேண்ட்ஸ் என்று பெயர். தார்ச்சாலை இல்லாத மண்பாதையில், மேடு பள்ளம், வேர், கல், படி எல்லாவற்றின் மீதும் ஓடுவதை ட்ரெயில் ரன்னிங் என்கிறார்கள். நம் மொழியில் காட்டுப்பாதை ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு நான் ஓடியது நூறு அடி தூரம் இருக்கும். மீதியை மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தேன். நண்பர் சிரிக்கவில்லை. "செங்குத்தான ஏற்றத்தில் எல்லோரும் நடப்பார்கள். நடக்கத் தெரிந்தவன்தான் இங்கே கடைசிவரை ஓடுவான்" என்றார். அடியைச் சின்னதாக எடுத்து வை, காலடியைப் பார்க்காதே, நாலடி முன்னால் பார், இறக்கத்தில் பயந்து பின்னால் சாயாதே, அவ்வளவுதான் அவர் சொல்லிக் கொடுத்த பாடம்.

மேலே ஏறியதும் பேட்டரி ஸ்பென்சர் என்கிற பழைய பீரங்கி மேடை. 1890களில் கட்டியது. அங்கே நின்றால் கோல்டன் கேட் பாலத்தின் கோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. சிவில் படித்தவன் அந்த இடத்தில் நின்றால் ஓட்டத்தை மறந்துவிடுவான். நானும் மறந்தேன். இரண்டு கோபுரங்களுக்கு இடையில் 1,280 மீட்டர். கோபுரத்தின் உயரம் நீர்மட்டத்திலிருந்து 227 மீட்டர். ஒவ்வொரு பெரிய வடத்திலும் 27,572 கம்பிகள். 1933இல் தொடங்கி 1937 மே மாதம் திறந்துவிட்டார்கள். வேலை நடக்கும்போது அடியில் வலை கட்டியதால் விழுந்தவர்களில் 19 பேர் பிழைத்தார்கள். அப்படியும் 11 தொழிலாளர்கள் உயிரை விட்டார்கள்.

இன்றைய சிவில் மாணவர்கள் ஒரு பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சார்லஸ் எல்லிஸ். பாலத்தின் தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ். அவருடைய சிலை அங்கே இருக்கிறது. ஆனால் லியோன் மாய்செய்ஃப் என்பவரோடு தந்தியிலும் கடிதத்திலும் பேசிப் பேசி, மாதக்கணக்கில் அந்தப் பாலத்தின் கணக்கைக் கையாலேயே போட்டவர் எல்லிஸ். 1931 கடைசியில் அவரை வேலையிலிருந்து விலக்கிவிட்டார்கள். திறப்பு விழாவில் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. 1949இல் அவர் இறந்தும் போனார். 2007இல்தான், பாலத்துக்கு எழுபது வயது ஆனபோது, பாலத்தை நிர்வகிக்கும் அமைப்பு தன் அறிக்கையில் "வடிவமைப்பில் பெரும்பங்கு எல்லிஸுடையது" என்று முறைப்படி ஒப்புக்கொண்டது. இதை எதற்குச் சொல்கிறேன் என்பது கடைசியில் விளங்கும்.

பீரங்கி மேடையைத் தாண்டிப் பாதை மேற்கே கடலைப் பார்த்து இறங்குகிறது. வழியில் வெட்டுப்பட்ட மலையில் செங்கல் அடுக்கியது மாதிரி சிவப்புப் பாறை மடிப்பு மடிப்பாகத் தெரியும். செர்ட் என்கிற பாறை. கண்ணுக்குத் தெரியாத கடல் உயிரிகளின் கூடுகள் ஆழ்கடலின் அடியில் கோடிக்கணக்கான வருஷம் படிந்து இறுகியது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பிறந்த பாறை, கடல்தளத்தோடு நகர்ந்து நகர்ந்து இங்கே வந்து ஒட்டியிருக்கிறது. "நீயும் என்னை மாதிரி தெற்கே இருந்து வந்தவன்தானா?" என்று நான் அதைத் தட்டிக் கொடுப்பேன்.

இன்னும் கொஞ்சம் ஓடினால் பனிப்போர்க் காலத்து நைக்கி ஏவுகணைத் தளம், இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சிப்பாய்களின் மரக் குடியிருப்பு, அதற்கு முன்னால் ரோடியோ கடற்கரை. அங்கே மணலுக்குப் பதில் பச்சையும் சிவப்புமாகப் பொடிக் கற்கள். தெற்கே பாறை முனையில் 1855இல் ஏற்றிய பாய்ண்ட் பொனிட்டா கலங்கரை விளக்கம். கோடைக்காலத்தில் மூடுபனி கடலிலிருந்து எழும்பி வந்து பத்தே நிமிஷத்தில் மலையை விழுங்கிவிடும். அப்போது பாதையில் இருப்பவனுக்குத் தன் காலடிச் சத்தமும் கடல் இரைச்சலும் மட்டும்தான் துணை.

இந்த இடம் இன்று காடாக இருப்பதே ஒரு அதிசயம். 1960களில் இங்கே மாரின்செல்லோ என்று முப்பதாயிரம் பேர் குடியிருக்கும் ஒரு புது நகரம் கட்டத் திட்டம் போட்டு, நுழைவாயில்கூட எழுப்பிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. வழக்குப் போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள். திட்டம் படுத்துவிட்டது. 1972இல் அந்த நிலம் பொதுமக்களுக்கான தேசியப் பூங்காவின் பங்காகிவிட்டது. கட்டுமானத் தொழிலில் இருக்கிற நான், கட்டாமல் விட்ட ஊரின் மீது ஓடுகிறேன்.

இந்தக் குன்றுகளுக்கு வடக்கே டமல்பாயஸ் என்று 784 மீட்டர் மலை. பலகையில் பெயரை முதலில் பார்த்தபோது, "யாரோ நம்மாள் வைத்த பெயர் போலிருக்கே" என்று எனக்கு ஒரே சந்தோஷம். இல்லையாம். அந்தக் கடற்கரையின் பூர்வகுடிகளான மிவாக் மக்களின் சொல்லிலிருந்து வந்தது. அதன் அடிவாரத்தில்தான் மியூர் உட்ஸ் என்கிற செம்மரக் காடு. நம் ஆந்திரச் செம்மரம் அல்ல, இது ரெட்வுட். 1908இல் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். அறுநூறு, எண்ணூறு வயதுள்ள மரங்கள். மிக உயரமானது எழுபத்தைந்து மீட்டருக்கும் மேல். 1945 மே மாதம், ஐக்கிய நாடுகள் சபையை உருவாக்க சான் பிரான்சிஸ்கோவில் கூடிய பிரதிநிதிகள், மறைந்த ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு அஞ்சலி செலுத்த இந்த மரங்களுக்கு நடுவே கூடினார்கள். அந்த சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சர் ஆற்காடு ராமசாமி முதலியார். ஓடிக் களைத்து அங்கே தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் காட்டின் ஓரமாகத்தான் டிப்சீ என்கிற ஓட்டப் பந்தயப் பாதை போகிறது. அமெரிக்காவின் மிகப் பழைய காட்டுப்பாதைப் பந்தயம் என்று அதைச் சொல்வார்கள். 1904இல் இரண்டு பேர் மில் வேலி ரயில் நிலையத்திலிருந்து மலை தாண்டிக் கடற்கரை விடுதிவரை யார் முந்துவது என்று பந்தயம் கட்டினார்கள். மறு வருஷம், 1905இல், முறையான போட்டியாகிவிட்டது. இப்போது ஸ்டின்சன் பீச் கடற்கரையில் முடிகிறது. மொத்தம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். எடுத்த எடுப்பிலேயே ஏறத்தாழ எழுநூறு படிகள். பழனிக்குப் போனவர்களுக்குத் தெரியும், எழுநூறு படி என்றால் என்னவென்று. அதைத் தாண்டினால் செம்மரக் காட்டு ஓடை, மறுபடி ஏற்றம். ஒரு ஏற்றத்துக்கு டைனமைட் என்று பெயர். உச்சிக்குப் பெயர் கார்டியாக், அதாவது நெஞ்சுவலி மேடு. பெயர் வைத்தவன் அனுபவஸ்தன்.

இந்தப் பந்தயத்தின் சிறப்பு தூரமும் படிகளும் இல்லை. இங்கே எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவது கிடையாது. ஹேண்டிகேப் முறை என்பார்கள். வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் பார்த்து, மிக முதியவர்களையும் மிகச் சிறியவர்களையும் முதலில் அனுப்புவார்கள். பிறகு நிமிஷத்துக்கு ஒரு கூட்டமாக விடுவார்கள். வாட்டசாட்டமான இளைஞர்கள் கடைசியில் கிளம்ப வேண்டும். முதல் கூட்டத்துக்கும் கடைசிக் கூட்டத்துக்கும் இருபது நிமிஷத்துக்கு மேல் இடைவெளி. ஆனால் கோட்டை யார் முதலில் தொடுகிறாரோ அவரே வெற்றியாளர். அறுபதைக் கடந்தவர்கள் ஜெயித்திருக்கிறார்கள். 2010இல் ஜெயித்தது எட்டு வயதுச் சிறுமி. ஜாக் கிர்க் என்று ஒரு மனிதர் 1930இல் ஓட ஆரம்பித்து, தொண்ணூறு வயதைத் தாண்டியும் வருஷம் தவறாமல் வந்து ஓடிக்கொண்டிருந்தார். பெண்கள் ஓடக் கூடாது என்றிருந்த காலத்தில், 1918இல், "இது ஓட்டம் இல்லை, நடைப்பயணம்" என்று பெயரை மாற்றி வைத்துப் பெண்களுக்குத் தனியாகப் போட்டி நடத்தியிருக்கிறார்கள்.

2023 ஜூனில் எனக்கு இடம் கிடைத்தது. நாலு வருஷப் பயிற்சி. சர்க்கரை இறங்கிவிட்டது, எடை பதினோரு கிலோ குறைந்துவிட்டது, தலைக்கனம் மட்டும் குறையவில்லை. என் முறைக்காகக் காத்து நிற்கிறேன். எனக்கு முன்னால் பாட்டிமார்களும் தாத்தாமார்களும் சின்னப் பிள்ளைகளும் கூட்டம் கூட்டமாகக் கைதட்டலோடு போகிறார்கள். "இதென்ன போட்டி? திறமைக்கு என்ன மரியாதை?" என்று மனசுக்குள் ஒரு முணுமுணுப்பு.

கார்டியாக் மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நீலத் தொப்பி போட்ட ஒரு அம்மாளைத் தாண்டினேன். நரைத்த முடி, மெலிந்த கால், கைகளை இடுப்பில் ஊன்றிக் குனிந்து நடந்துகொண்டிருந்தார். ஒரு கணம் பெருமையாக இருந்தது. உச்சியில் கடல் தெரிந்தது. இறக்கம் ஆரம்பித்தது. ஈரமான படிகள், வழுக்கும் வேர்கள். நான் பயந்து பயந்து கால் வைத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து, "தம்பி, இடது பக்கம் வருகிறேன்" என்கிற அர்த்தத்தில் ஒரு குரல். நீலத் தொப்பி! ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளித் துள்ளி இறங்கி மறைந்துவிட்டார். அப்புறம் அவரை நான் பிடிக்கவே முடியவில்லை.

கோட்டைத் தாண்டியதும் மணலில் உட்கார்ந்திருந்த அவரிடம் போனேன். வாழ்த்துச் சொல்லிவிட்டு, வாய் சும்மா இருக்காமல், "உங்களுக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே கிடைத்துவிட்டதே" என்றேன். அவர் கோபப்படவில்லை. தண்ணீர்ப் பாட்டிலை என்னிடம் நீட்டினார். "எனக்கு எழுபத்து மூன்று. உன் வயதில் நான் இந்தப் படிகளை ஓடியே ஏறினேன். இப்போது என் முழங்கால் ஏற விடுவதில்லை. ஒரே நேரத்தில் கிளம்பியிருந்தால் உனக்கு நான் ஒரு ஆளாகவே தெரிந்திருக்க மாட்டேன். அந்த நிமிஷங்களால்தான் நாம் இரண்டு பேரும் ஒரே பந்தயத்தில் ஓடினோம்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "எனக்கு வயது ஏற ஏற நிமிஷமும் கூடும். உனக்கும் ஒரு நாள் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்" என்றார்.

நண்பர்களே, அன்று காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு அந்த அம்மாள் நினைவு வரவில்லை. நம் கல்லூரியின் முதல் வருஷம் நினைவுக்கு வந்தது. "இருபது நிமிடம்" என்கிற சொல்தான் காரணம். இதுவரை சொன்னதை நீங்கள் சுகமாகக் கேட்டீர்கள். இனிச் சொல்லப்போவது எனக்குச் சொல்லச் சிரமமானது.

2006இல் நாங்கள் சேர்ந்தபோது எங்கள் வகுப்பில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள். கணக்கில் புலிகள். ஆனால் கேள்வித்தாளின் ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் பாதி நேரம் போய்விடும். மெக்கானிக்ஸ் எடுத்த சார் இதைக் கவனித்துவிட்டு, சைக்கிள் டெஸ்ட்டில் அவர்களுக்கு மட்டும் இருபது நிமிஷம் கூடுதலாகக் கொடுத்தார். "முதல் வருஷம் மட்டும்தான்பா, அப்புறம் அவங்களே ஓடிருவாங்க" என்றார். நான் நகரத்துக் கான்வென்ட்டில் படித்தவன். எனக்குப் பொறுக்கவில்லை. "இது சம வாய்ப்புக்கு விரோதம்" என்று துறைத் தலைவருக்கு ஒரு மனு எழுதி, முப்பது பேரிடம் கையெழுத்து வாங்கினேன். விதிமுறையில் இடம் இல்லாததால் துறைத் தலைவரும் வேறு வழியில்லாமல் அதை நிறுத்திவிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

என் ஹாஸ்டல் அறைத் தோழன் தமிழ் மீடியம். அவனுடைய கிராமத்திலிருந்து இன்ஜினியரிங் படிக்க வந்த முதல் ஆள். அந்த மனுவை எழுத நான் எடுத்த வெள்ளைத்தாள் அவனுடைய கட்டிலிருந்து எடுத்தது. என்ன எழுதினேன் என்று அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருஷம் மெக்கானிக்ஸில் அவனுக்கு அரியர் விழுந்தது. அடுத்த தடவையும் விழுந்தது. கேம்பஸ் இன்டர்வியூவில் அரியர் உள்ளவர்கள் உட்காரக் கூடாது என்றார்கள். நாங்கள் டை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோது அவன் ஹாஸ்டலில் எங்கள் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தான். பிறகு சைட்டில் சூப்பர்வைசராக வெயிலில் நின்று, தேர்வாணையத் தேர்வு எழுதி, இன்று அரசுத் துறையில் உதவிப் பொறியாளராக இருக்கிறான். தன் முயற்சியால் வந்தவன். அதில் என் பங்கு எதுவும் இல்லை, அவனைத் தாமதப்படுத்தியதைத் தவிர.

பந்தயம் முடிந்த அன்று ராத்திரியே அவனுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி, "மன்னிச்சுக்கடா" என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னான்: "அந்த இருபது நிமிஷம் இருந்திருந்தா பாஸ் பண்ணியிருப்பேனான்னு எனக்கும் தெரியாதுடா. ஆனா பக்கத்துக் கட்டில்லதானே படுத்திருந்தேன். எழுதுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. எல்லிஸின் பெயரைச் சொல்ல எழுபத்தைந்து வருஷம் எடுத்துக்கொண்டார்கள், அதற்குள் அவர் போய்விட்டார். எனக்குப் பதினேழு வருஷம்தான் ஆயிற்று, என் நண்பன் இருக்கிறான். இன்று மதியம் நீங்கள் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டீர்களே, பந்தியில் நின்று "இன்னும் கொஞ்சம் சாம்பார்" என்று கேட்டுக் கேட்டுக் கவனித்தவன் அவன்தான். எந்த மனுவை முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு எழுதினேனோ, அதற்கான மன்னிப்பை முந்நூறு பேர் முன்னால் கேட்பதுதான் முறை என்று பட்டது. அதனால்தான் இந்த மேடையில் சொல்கிறேன். அந்த மெக்கானிக்ஸ் சார் முன்வரிசையில் இருக்கிறார். சார், உங்களிடமும் கேட்கிறேன்.

வெறும் பேச்சோடு போகக் கூடாது. இந்த வருஷம் முதல் செமஸ்டரில் சேரும் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு, வகுப்பு தொடங்குவதற்கு முன்பே ஆறு வார ஆயத்த வகுப்பு நடத்த எங்கள் பேட்ச் பொறுப்பேற்கிறது. முதல்வர் அவர்கள் அன்போடு இடம் தரச் சம்மதித்திருக்கிறார்கள். செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சனிக்கிழமைகளில் மெக்கானிக்ஸ் எடுக்க ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு தடவை அரியர் வாங்கியவருக்குத்தானே பிள்ளைகள் எந்தப் படியில் தடுக்கி விழுவார்கள் என்று தெரியும்?

கடைசியாக ஒரு அறிவிப்பு. நாளைக் காலை ஆறு மணிக்கு நம் கல்லூரி மைதானத்திலிருந்து பின்பக்கத் தோப்பைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் ஓட்டம். டிப்சீ முறைதான். அறுபது வயதைத் தாண்டிய மூத்த பேட்ச் முதலில், பிறகு வயது வரிசைப்படி ஒவ்வொரு கூட்டமாக, கடைசியில் இன்றைய மாணவர்கள். நெஞ்சு, முழங்கால் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். நடந்தாலும் ஓடியதாகவே கணக்கு. மாணவர்களே, பின்னால் விட்டுவிட்டார்களே என்று கோபப்படாதீர்கள். முன்னால் போகிறவர்களைப் பிடிக்கப் பாருங்கள், பிடிக்க முடியாவிட்டால் அவர்களிடம் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள்.

விசில் ஊதப் போவது என் அறைத் தோழன். எனக்கு எத்தனை நிமிஷம் தள்ளி விசில் ஊதுவது என்பதை அவனே முடிவு செய்யட்டும்.